பீரா கணக்கில் வரமாட்டாராம்

ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பற்றிய ஒரு காணொளிக்குக் கீழே நேற்று ஒரு கூத்து. ‘ஃபார்முலா ஒன்னில் கார் ஓட்டிய முதல் தாய்லாந்துக்காரர் அலெக்ஸ் ஆல்பன்’ என்று போட்டிருந்தார்கள். 1950-லேயே தாய்லாந்து இளவரசர் பீரா ஓட்டிவிட்டாரே என்று ஒரு வரிதான் எழுதினேன். வந்த பதில்: ‘அவர் இங்கிலாந்தில் வளர்ந்தவர், கணக்கில் வரமாட்டார்.’ அதற்கு இருநூறு லைக் வேறு.

சரி, ஆல்பன் பிறந்தது எங்கே? லண்டனில். அவர் வருவார், பாங்காக்கில் பிறந்த பீரா வரமாட்டார். நல்ல கணக்கு. (ஆல்பன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவரும் தாய்லாந்துக்காரர்தான்.)

1927-ல் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பீராவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். அம்மா எப்போதோ இறந்துவிட்டார். மறு வருடமே அப்பாவும் போனார். எங்கே வளர வேண்டும் என்று அந்தப் பையனை யார் கேட்டார்கள்?

‘அரண்மனைக் காசில் ஓட்டினார்’ என்பீர்கள். ஆமாம், இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு உறவினர் இளவரசர் சுலா பந்தயக் காரே வாங்கிக் கொடுத்தார். ஆனால் 1936, 37, 38 என்று மூன்று வருடம் தொடர்ந்து பந்தய ஓட்டுநர்களுக்கான பிரிட்டனின் தங்க நட்சத்திர விருதை வாங்கியதும் காசுதானா? அவருடைய கார்களில் ஒன்றின் பெயர் ஹனுமான். இங்கிலாந்துக்காரர் வைக்கிற பெயரா அது? நான்கு ஒலிம்பிக்கில் தாய்லாந்துக்காகப் பாய்மரப் படகு ஓட்டினாரே, அதுவும் கணக்கில் வராதா?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், நான் மஸ்கட்டில் வளர்ந்தவன். பிளஸ் டூ முடித்து ஊருக்கு வந்த வருடம் ஒரு கல்யாணப் பந்தி. சாம்பாரைப் பிசையக் கை வைக்கிறேன், பெரியம்மா ஓடி வந்து இலை ஓரத்தில் ஒரு ஸ்பூனை வைத்தார். ‘பாவம், பிள்ளைக்குக் கையால சாப்பிட வராது.’ வரிசையே சிரித்தது. வீட்டில் தினமும் கையால்தான் சாப்பிட்டேன் என்று யாரிடம் சொல்வது? அங்கே வெளியூர்க்காரன், இங்கே ஸ்பூன்.

ஒரு இளவரசரோடு உன்னை ஒப்பிடுகிறாயா என்று கேட்கப்போகிறீர்கள். கேளுங்கள்.

1985 டிசம்பரில் லண்டன் பாரன்ஸ் கோர்ட் சுரங்க ரயில் நிலையத்தில் மாரடைப்பில் சுருண்டு விழுந்து இறந்தார் பீரா. எழுபத்தோரு வயது. யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பையில் இருந்த தாளில் தாய்லாந்து எழுத்து. அதைப் படித்துச் சொல்லப் போலீஸ் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இவர்தான் உங்கள் இங்கிலாந்துக்காரர்.

அந்தப் பதிலை எழுதிய தம்பியை நான் இன்னும் பிளாக் செய்யவில்லை.