கஞ்சியை வாயில் ஊற்றாதீர்கள்

சோர்ந்து படுத்த கூஸ் வாத்துக்கு வாயைப் பிளந்து கஞ்சி ஊற்றினால் தெம்பு வந்துவிடும் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார், இன்னொருவர் காய்ச்சல் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார். கஞ்சி ஊற்றச் சொன்னவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் அந்தக் கஞ்சியே அதைக் கொன்றுவிடலாம். அலகைத் திறந்து நாக்கு தொடங்கும் இடத்தில், தொண்டைப் பக்கம் பாருங்கள்: சின்னக் கீறல் மாதிரி ஒரு துளை, மூச்சுக்கு மூச்சு திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். நமக்கு இருப்பது போல அதன்மேல் கவிந்து காக்கும் மூடி பறவைகளுக்குக் கிடையாது. விழுங்கத் தெம்பில்லாத நேரத்தில் ஊற்றினால் கஞ்சி நேரே நுரையீரலுக்குப் போகும்.

அதற்குப் பதில், காற்றடிக்காத மூலையில் வைக்கோல் பரப்பி வெதுவெதுப்பாக வையுங்கள். மூக்குத் துளை முங்கும் அளவு தண்ணீர் உள்ள பாத்திரம் பக்கத்திலேயே இருக்கட்டும், தட்டில் வைத்தால் போதாது. நறுக்கிய கீரையைத் தண்ணீரில் மிதக்க விட்டால் சில சமயம் தானாகவே கொத்தும்.

அப்புறம், உடம்பு சுடுகிறது, பாராசிட்டமால் கொடுங்கள் என்றவருக்கு: கூஸ் வாத்தின் இயல்பான சூடே 40 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். நம் கைக்குச் சுடத்தான் செய்யும்!

ஒரு நாள் முழுக்கத் தீனி தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். இரண்டு மூன்று பறவைகள் சேர்ந்தாற்போல் சோர்ந்து படுத்தால் தொற்றுநோயாக இருக்கலாம், வெறுங்கையால் தொடவே வேண்டாம்.