டாலெக்குகளை அவசரமாகப் பார்க்காதீர்கள்

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரில், உலோகக் கூட்டுக்குள் வாழும் வேற்றுக்கிரக உயிரினங்களான டாலெக்குகள் முதன்முதலாக வந்த கதையைப் போன வாரம் மறுபடி பார்த்து முடித்தேன். கறுப்பு வெள்ளையில், எதையும் ஓட்டாமல், இரவுக்கு ஒரு பகுதியாக. 1963 டிசம்பர் 21 முதல் 1964 பிப்ரவரி 1 வரை சனிக்கிழமைதோறும் பிபிசியில் வந்த ஏழு பகுதிகள். 2023இல் பிபிசி இதற்கு வண்ணம் சேர்த்து 75 நிமிடங்களாகச் சுருக்கியது. புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு அந்தச் சுருக்கத்தைத்தான் பலரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூலம் கிட்டத்தட்ட 175 நிமிடம். கதையின் உயிரே அந்த நீளத்தில்தான் இருக்கிறது.

முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாகிப்போன காடு. ஆளரவமற்ற உலோக நகரம். ட்ரிஸ்ட்ரம் கேரியின் மின்னணு இசை நரம்பைச் சுண்டிக்கொண்டே இருக்கிறது. தொடரின் நாயகரான டாக்டரோடு பயணம் செய்யும் பார்பரா ஒவ்வொரு வழியாக நடக்க, கதவுகள் பின்னால் மூடிக்கொள்கின்றன. கடைசியில் நமக்குக் காட்டுவது ஒரே ஒரு நீண்ட கை, அதைப் பார்த்து அலறும், பார்பராவாக நடித்த ஜாக்குலின் ஹில்லின் முகம். அவ்வளவுதான். அது என்னவென்று தெரிய அன்றைய பார்வையாளர்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள். அடுத்த வாரம்தான் ரேமண்ட் கியூசிக் வடிவமைத்த அந்த உருவம் முழுசாக வருகிறது. காலும் இல்லை, முகமும் இல்லை. மூன்றாம் பகுதியில் கூட்டுக்குள் இருக்கும் உயிரை வெளியே எடுத்து ஒரு போர்வையில் சுருட்டிப் போடுகிறார்கள். போர்வைக்கு அடியிலிருந்து ஒரு நகக்கை மட்டும் மெல்ல வெளியே வருகிறது. இன்றுவரை அந்த உயிரினத்தைப் பற்றிய எனது பயம் அந்த ஒரு காட்சியில்தான் தொடங்குகிறது.

எழுதிய டெர்ரி நேஷன் கார்டிஃப்பில் போர்க்காலத்தில் வளர்ந்தவர். கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. டாலெக்குகள் வாழும் ஸ்காரோ கிரகமே ஒரு நியூட்ரான் போரில் அழிந்த இடம். அங்கே வாழும் இன்னோர் இனமான தால் மக்களைக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் மருந்து டாலெக்குகளைக் கொல்கிறது, அவற்றுக்கு இப்போது கதிர்வீச்சுதான் மூச்சு. ஆகவே காற்றில் இன்னும் விஷத்தைக் கலக்கத் திட்டமிடுகின்றன. போர் ஓர் இனத்தை என்ன செய்யும் என்று இதைவிடக் கொடூரமாக யோசித்த கதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் நான் சண்டை போட நினைப்பது தால்களுக்காக. ஆயுதத்தைக் கைவிட்டவர்கள். சமாதானம் பேசப் போன அவர்களது தலைவர் டெமோசஸை டாலெக்குகள் சுட்டுக் கொல்கின்றன. அப்போதும் அவர்கள் போருக்கு எழவில்லை. டாக்டரும் உடன் வந்தவர்களும் தப்பிப்போக அவர்களது காலக்கப்பலின் ஒரு சிறு கருவி வேண்டும், அது டாலெக்குகளின் நகரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது அங்கே போனதற்கே காரணம் டாக்டர் சொன்ன பொய். நகரத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில், கருவியில் பாதரசம் தீர்ந்துவிட்டது என்று எல்லோரையும் ஏமாற்றினார். முதன்முதலில் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் டாக்டர் அப்படிப்பட்டவர். பின்னாளில் வேறு நடிகர்கள் நடித்த கருணையான டாக்டர்களை மட்டும் அறிந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கும்.

நமக்காக அவர்களைச் சாகச் சொல்ல முடியாது என்று முதலில் மறுப்பவர் டாக்டரோடு வந்த இயன்தான். பிறகு அவரே ஒரு தால் பெண்ணை டாலெக்குகளிடம் ஒப்படைப்பதுபோல் நடித்து, அலிடன் என்ற தால் தன்னை அடிக்கும்படி செய்கிறார். அந்த ஒரு அடியோடு அவர்களின் கொள்கை உடைகிறது. எனக்கு இது ஒவ்வாத காட்சி.

அதனால்தான் எல்லோரும் இழுவை என்று குறைசொல்லும் ஐந்தாம், ஆறாம் பகுதிகள் எனக்கு முக்கியம். கருவியை மீட்க நகரத்தை நோக்கி, சதுப்பு, குகை, பிளவு என்று ஒரு சிறு கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. அதில் அன்டோடஸ் என்ற தால் பயந்தவன். திரும்பிப் போகலாம் என்று அண்ணனிடம் கெஞ்சுகிறான். அந்தப் பயத்தோடு நாமும் அவ்வளவு தூரம் நடந்த பிறகுதான், இயனை இழுத்துக்கொண்டு பாதாளத்தில் தொங்கும் அவன் கயிற்றை அறுத்துக்கொள்கிறான். அந்தச் சாவு டாக்டரின் பொய்யிலிருந்து நேராக வருகிறது என்பது அப்போது உறைக்கிறது. நூறு நிமிடங்களை வெட்டுகிறவர் கண்ணில் முதலில் படுவது இந்த நடைதான், நான் வெட்டவே கூடாது என்று சொல்வதும் இதைத்தான்.

வண்ணப் பதிப்பை ஏற்கெனவே பார்த்தவர்கள் மூலத்தின் அந்த இரண்டு பகுதிகளையும், அடுத்து ஏழாம் பகுதியின் முதல் சில நிமிடங்களையுமாவது பாருங்கள். பிறகு வந்து இழுவை என்று சொல்லுங்கள், பேசலாம்.