ஏறுறதை விட இறங்கத் தெரியணும்

"ரெண்டு வருஷம் ஓட்டிட்டா பெரிய வண்டிக்கு மாறலாம்"னு பைக் பத்தின உங்க கட்டுரையில போட்டிருக்கீங்க. இந்த வருஷக் கணக்கு எனக்கு ஒத்து வரலைங்க. நான் ஏழு வருஷமா ஸ்பிளெண்டர்தான். சேலம் டவுனுக்குள்ள, அஸ்தம்பட்டி நெரிசல்ல அதை அடிச்சுக்க ஆளில்லை. இழுவை பத்தலைன்னு தெரிஞ்சது ஏற்காடு ஏறும்போதுதான். அடிவாரம் தாண்டினா 20 கொண்டை ஊசி வளைவு. பின்னாடி வீட்டுக்காரம்மா உட்கார்ந்தா 97 சிசி ரெண்டாவது கியர்லயே முக்கும், பின்னால வர்ற பஸ்காரர் ஹாரனை விடமாட்டார்.

அதுக்காக உடனே மாத்திடலை. இறங்கும்போது கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு பிரேக்கை மட்டுமே நம்பி வந்தவன் நான். ஒருநாள் பிரேக் டிரம் சூடேறி, பெடலை எவ்வளவு மிதிச்சும் பிடிக்கலை. கருகின வாடை வேற. ஓரத்து மண்மேட்டுல ஏத்தித்தான் நிறுத்தினேன். அப்புறம்தான் கிளட்சை விட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கற மாதிரி, ஏறின கியர்லயே இறங்கப் பழகினது. 112 கிலோ வண்டியையே நிறுத்தத் தெரியாதவன் 195 கிலோ ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ வாங்கி என்ன பண்றது?

இப்போ வளைவு வர்றதுக்கு முன்னாடியே கால் தானா கியரைக் குறைக்குது. போன மாசம் 350 புக் பண்ணிட்டேன். ஸ்பிளெண்டரை விக்கலைங்க, உழவர் சந்தைக்கு அதுதான் சரி.