ட்ரூடோவின் அந்தப் படம்: பள்ளிப் பருவத்து விளையாட்டா?

“ட்ரூடோ முகத்தில் கருப்பு மை பூசிய படம் ஸ்கூல் பையனா இருந்தப்போ எடுத்தது. அவரும் அது நான் இல்லைன்னு மறுத்துட்டார். கனடா மீடியா அமுக்கிடுச்சு.” கனடாவின் முன்னாள் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவைப் பற்றி இப்படி ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. மூன்றுமே தவறு, ஆனால் முதலாவதில் ஒரு குழப்பம் இருக்கிறது.

2019 செப்டம்பர் 18 அன்று டைம் இதழ் வெளியிட்ட படம் 2001-இல் எடுக்கப்பட்டது. வான்கூவரில் ஒரு தனியார் பள்ளியின் ‘அரேபிய இரவுகள்’ விருந்து அது. தலைப்பாகை, நீள அங்கி. முகம், கழுத்து, கைகள் எல்லாம் கருமை. அப்போது அவருக்கு வயது 29. அந்தப் பள்ளியில் அவர் ஆசிரியர், மாணவர் அல்ல.

மாணவப் பருவக் கதை வேறு. உயர்நிலைப் பள்ளி நாளில் ஒரு கலைநிகழ்ச்சியில் முகத்தைக் கருப்பாக்கிக்கொண்டு ஜமைக்கா நாட்டுப்பாடல் ஒன்றைப் பாடியிருக்கிறார். இதை அவரே சொன்னார். ஃபார்வர்டு எழுதியவர் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்.

மறுத்தாரா? இல்லை. படம் வெளியான அன்றிரவே தேர்தல் பிரசார விமானத்தில் செய்தியாளர்களிடம் ‘அலாதீன் வேடம் போட்டேன், அது இனவெறிச் செயல்தான்’ என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மொத்தம் எத்தனை முறை இப்படி முகத்தைக் கருப்பாக்கினார் என்பதை மட்டும் மறுநாளும் உறுதியாகச் சொல்லவில்லை. குறை சொல்வதென்றால் அதைச் சொல்லலாம்.

ஊடகம் அமுக்கியதா? மறுநாளே கனடாவின் குளோபல் நியூஸ்தான் அவர் முகத்தைக் கருப்பாக்கிய மூன்றாவது சம்பவத்தின் வீடியோவை ஒளிபரப்பியது. அக்டோபர் 21 தேர்தலில் அவருடைய லிபரல் கட்சி 157 இடங்களோடு பெரும்பான்மையை இழந்தது. ட்ரூடோ பிரதமராகவே தொடர்ந்தார்.