எடை பார்த்தாயிற்று, குழந்தையோடு பேசியது யார்?

ஏழை நாடுகளில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான திட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே ஒரு குரல் கேட்கும். "முதல்ல வயிறு நிறையட்டும், விளையாட்டு, பேச்சு, பாட்டு எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்." நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். பசித்த குழந்தையைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த 'அப்புறம்' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தையின் மூளை அப்படி வரிசையில் நிற்பதில்லை. அது மிக வேகமாக வளர்வது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில். சத்தும் அப்போதுதான் வேண்டும், முகம் பார்த்துப் பேசும் ஆளும் அப்போதுதான் வேண்டும்.

சத்துக் குறைந்த குழந்தையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அது அடம்பிடிக்காது, எதையும் இழுத்துப் போடாது. இருத்திய இடத்தில் இருக்கும். கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் வாங்கும், ஆனால் திருப்பிப் பார்க்காது, தட்டிப் பார்க்காது, கொஞ்ச நேரத்தில் கீழே விட்டுவிடும். இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்த குழந்தைகள் தாயை ஒட்டியே இருப்பதையும், சுற்றி இருப்பதைத் துருவிப் பார்க்காமல் இருப்பதையும் ஆய்வாளர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். வேலைச் சுமையில் இருக்கும் பெரியவர்களுக்கு இது நிம்மதியாகக்கூட இருக்கும், 'சமத்துப் பிள்ளை' என்பார்கள். சிரிக்காத குழந்தையிடம் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். பேச்சு கேட்காத குழந்தை இன்னும் ஒடுங்கும். பசி உடம்பை மட்டும் பிடிப்பதில்லை, குழந்தைக்கும் பெரியவருக்கும் நடுவிலான போக்குவரத்தையே அறுத்துவிடுகிறது. அப்புறம் சத்துமாவு மட்டும் கொடுத்தால் உடம்பு கொஞ்சம் தேறலாம். அறுந்த போக்குவரத்து தானாக ஒட்டிக்கொள்ளாது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1986-87இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் சாலி கிரந்தம்-மெக்ரெகர், கிறிஸ்டின் பவல், சூசன் வாக்கர் ஆகியோர் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத, 9 முதல் 24 மாத வயதுள்ள 129 குழந்தைகள். நான்கு குழுக்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு. இன்னொரு குழுவுக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து தாயோடும் குழந்தையோடும் ஒரு மணி நேரம் விளையாடும் ஒரு சுகாதாரப் பணியாளர். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவதுக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு ஆண்டுகள்.

அந்த ஒரு மணி நேரத்தில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வந்தவர் மருத்துவரோ உளவியலாளரோ அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பெண். கொண்டுவந்த பொம்மைகள் வீணாகப் போன பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப் பெட்டி, துணித்துண்டு ஆகியவற்றில் செய்தவை. அவர் தரையில் உட்கார்ந்து, பாட்டிலுக்குள் எதையோ போட்டு ஆட்டிக் காட்டுவார். பிறகு அதைத் தாயின் கையில் கொடுப்பார். குழந்தை கையை நீட்டினால் அந்தப் பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும், குழந்தை ஒரு சத்தம் எழுப்பினால் அதே சத்தத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும், ஏதாவது செய்து முடித்தால் மெச்ச வேண்டும். போகும்போது பொம்மையை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு ஒன்றோடு வருவார். மீதி ஆறு நாளும் தாயும் பிள்ளையும் அதை வைத்து விளையாட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இரண்டு ஆண்டு முடிவில் பால் மாவு பெற்றவர்களும் முன்னேறியிருந்தார்கள், விளையாட்டு பெற்றவர்களும் முன்னேறியிருந்தார்கள். இரண்டும் பெற்றவர்கள் எல்லோரையும்விட நன்றாக வந்து, வயதுக்கேற்ற உயரமுள்ள குழந்தைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கதை இதோடு முடிந்திருந்தால் எல்லாரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் அந்தக் குழந்தைகளை விடாமல் தொடர்ந்தார்கள். 17, 18 வயதில் சோதித்தபோது பால் மாவின் பலன் அறிவுத்திறனில் தெரியவில்லை. விளையாட்டின் பலன் அப்படியே இருந்தது. 22 வயதில் அந்த விளையாட்டு கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். வன்முறையில் இறங்குவதும் அவர்களிடம் குறைவு. வாரம் ஒரு மணி நேரம், ஒரு பாட்டில் பொம்மை, ஓர் அட்டைப் பெட்டி. ஒவ்வொரு முறை இதைப் படிக்கும்போதும் எனக்கு மகிழ்ச்சியும் கோபமும் சேர்ந்தே வருகிறது. இவ்வளவு எளிதாகச் செய்யக்கூடியதை இன்னும் எத்தனை கோடி வீடுகளுக்குக் கொண்டுபோகாமல் இருக்கிறோம்!

இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, சாப்பாடு முக்கியமில்லை" என்று யாராவது கிளம்பினால் அது பெரிய தவறு. 1969 முதல் 1977 வரை குவாத்தமாலாவின் நான்கு கிராமங்களில் நடந்த ஆய்வு இருக்கிறது. இரண்டு கிராமங்களில் புரதம் நிறைந்த கஞ்சி, மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம். மூன்று வயதுக்கு முன் அந்தக் கஞ்சி கிடைத்த ஆண்கள் வளர்ந்து வேலைக்குப் போனபோது, அவர்களின் ஒரு மணி நேரக் கூலி மற்றவர்களைவிட 46 சதவீதம் அதிகமாக இருந்தது. சத்துக்குச் சத்தின் பங்கு, பேச்சுக்குப் பேச்சின் பங்கு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்து ஈடுகட்ட முடியாது.

இரண்டையும் ஒரே திட்டத்தில் சேர்த்தால் என்ன ஆகும்? இங்கே எனக்குப் பிடிக்காத ஒரு பிரசாரம் உண்டு. 'ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் மூன்று' என்ற தொனியில், இரண்டும் சேரும்போது பலன் பெருகிவிடும் என்பார்கள். சான்று அப்படிச் சொல்லவில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஆயிஷா யூசுப்சாய் குழுவினர் 1,489 தாய்-சேய் ஜோடிகளை வைத்து நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. அங்கே வேலையைச் செய்தவர்கள் ஆய்வுக்கென்று தனியாக எடுக்கப்பட்டவர்கள் அல்ல, வீடு வீடாகப் போகும் அரசின் சுகாதாரப் பணியாளர்களான 'லேடி ஹெல்த் வொர்க்கர்' பெண்கள். குழந்தையின் குறிப்பறிந்து விளையாடவும் பேசவும் தாய்க்குக் கற்றுக்கொடுத்த குழுக்களில் மூளை வளர்ச்சி, மொழி, உடல் அசைவு எல்லாவற்றிலும் நல்ல முன்னேற்றம். சத்து மட்டும் கூடுதலாகக் கிடைத்த குழுவில் பலன் அதைவிடக் குறைவு. இரண்டையும் சேர்த்த குழு, விளையாட்டு மட்டும் கிடைத்த குழுவைத் தாண்டிப் போகவில்லை. கொலம்பியாவில் 96 நகராட்சிகளில் நடந்த ஆய்விலும் வீட்டுக்கு வந்து விளையாடியது பலன் தந்தது, நுண்சத்துப் பொடி தரவில்லை. அந்தப் பலனும் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது நிற்கவில்லை.

ஆகவே மாயம் எதுவும் இல்லை. அப்படியும் சேர்க்கத்தான் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. வீடு ஒன்று, குழந்தை ஒன்று, தாயிடம் இருக்கும் நேரமும் ஒன்றுதான். காலையில் ஒரு துறையிலிருந்து ஒருவர் வந்து எடை பார்ப்பதும், மாலையில் இன்னொரு துறையிலிருந்து ஒருவர் வந்து பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் எந்த ஏழை நாட்டாலும் கட்டுப்படியாகாது. அதைவிட முக்கியம், இரண்டும் இயல்பாகவே சந்திக்கிற இடம் ஒன்று இருக்கிறது: ஊட்டும் நேரம். குழந்தை தலையைத் திருப்புகிறது. பெரியவர் அதன் தாடையைப் பிடித்துக் கரண்டியைத் திணிக்கலாம். அல்லது நிறுத்தி, "போதுமா? இன்னும் ஒரு வாய்?" என்று கேட்டு, குழந்தை கண்ணைப் பார்த்து, அது வாயைத் திறக்கும்வரை காத்திருக்கலாம். இரண்டாவது முறையில் குழந்தைக்கு உணவும் உள்ளே போகிறது, தன் மறுப்புக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதும் தெரிகிறது, ஒரு உரையாடலும் நடக்கிறது. கிண்ணமும் கரண்டியும் அதேதான். செலவு கூடுவதில்லை, ஆனால் நேரமும் பொறுமையும் வேண்டும், அதைச் சொல்லிக்காட்ட ஒரு ஆளும் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்துக்கு இது தெரியாததல்ல. கடுமையான ஊட்டக்குறைவோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைக்கு அது வகுத்த பத்துப் படிகளில் ஒன்பதாவது படியே புலன்களுக்குத் தூண்டுதலும் மன ஆதரவும் கொடுப்பதுதான். சர்க்கரை குறைவதைத் தடு, உடம்பைச் சூடாக வை, நீரிழப்பைச் சரிசெய் என்ற அதே பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இந்தப் படிதான்.

என் கவலையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. காகிதத்தில் இரண்டையும் சேர்ப்பது எளிது. 1975இல் இந்தியா தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பெயரிலேயே 'ஒருங்கிணைந்த' இருக்கிறது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, முன்பருவக் கல்வி எல்லாம் அங்கன்வாடி என்ற ஒரே கூரையின் கீழ். அந்தச் சிந்தனை அந்தக் காலத்துக்கு மிகப் பெரியது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பணியாளரின் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். மாவு வந்ததா, எத்தனை கிலோ, எத்தனை பேருக்கு, எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு, பதிவேட்டில் ஏற்றியாயிற்றா? எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, மேலதிகாரி வந்தால் கேட்பதும் அந்தக் கட்டங்களைத்தான். அன்று எத்தனை குழந்தைகளோடு உட்கார்ந்து பேசினார் என்பதற்கு எந்தக் கட்டமும் இல்லை. கேட்கப்படாத வேலை நடக்காது. இது அந்தப் பெண்ணின் குறை அல்ல. இப்படித்தான், சேர்த்த இடத்தில் தராசு ஜெயிக்கிறது, விளையாட்டு தோற்றுப்போகிறது.

தீர்வு இல்லாமலில்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் ஆகியோர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சில மையங்களில் குழந்தைகளுக்குக் கற்றுத்தர மட்டும் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை நியமித்தார்கள். அவ்வளவுதான். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது, கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். கூடவே உயரக் குறைவும் கடும் ஊட்டக்குறைவும் குறைந்தன! கற்பிக்க வந்த ஆளால் ஊட்டச்சத்து எப்படி மேம்பட்டது? ஏற்கெனவே இருந்த பணியாளருக்குத் தன் மற்ற வேலையைப் பார்க்க நேரம் கிடைத்தது. அது மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் போவது வேறு வேலை என்பது உண்மைதான். ஆனால் அது காட்டும் திசை தெளிவானது. ஒரே ஆளின் தலையில் இன்னும் ஒரு மூட்டையை ஏற்றுவதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு அல்ல.

2018இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி ஆகியவை மற்ற அமைப்புகளோடு சேர்ந்து ஒரு சட்டகத்தை வெளியிட்டன. நல்ல உடல்நலம், போதிய ஊட்டம், குறிப்பறிந்த பராமரிப்பு, பாதுகாப்பு, தொடக்கக் கற்றல் என்று ஐந்தையும் ஒன்றாகச் சொன்னது அது. வரவேற்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் நிதி ஒதுக்கீட்டில் சுகாதாரத்துக்கு ஒரு துறை, உணவுக்கு ஒரு துறை, கல்விக்கு ஒரு துறை என்றுதான் இருக்கிறது. கல்வித்துறையின் கண்ணில் குழந்தை படுவது பெரும்பாலும் பள்ளிக்கு வரும் வயதில்தான். ஆறு மாதக் குழந்தையோடு பேச ஒரு ஆளை அனுப்பும் பணம் யாருடைய கணக்கிலிருந்து வரும்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாத திட்டத்தை என்னால் நம்ப முடிவதில்லை.

தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடை பார்க்க வா, மாவு வாங்க வா, கூட்டத்துக்கு வா, வீட்டில் விளையாடு என்று எல்லாவற்றையும் அவளிடமே கொண்டுபோய்க் கொட்டுகிறோம். கூலி வேலைக்குப் போய் வந்து, தண்ணீர் சுமந்து, சமைத்து முடித்த ஒருத்தியிடம் "குழந்தையோடு போதுமான நேரம் செலவிடுங்கள்" என்று பாடம் எடுப்பது சரியில்லை. தந்தை, பாட்டி, மூத்த பிள்ளைகள் எல்லாரையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் உட்கார வைக்க வேண்டும்.

வீடு வீடாகப் போகிற பெண்ணின் சம்பளமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். பல நாடுகளில் அவரை 'தொண்டர்' என்று சொல்லி, மதிப்பூதியம் என்ற பெயரில் கொஞ்சம் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பாகிஸ்தானின் அந்த லேடி ஹெல்த் வொர்க்கர் பெண்கள் நிரந்தரப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. இந்தியாவில் அங்கன்வாடிப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சத்தையும் விளையாட்டையும் ஒரே கையில் கொண்டுபோகச் சொல்கிற அரசுகள், ஒரு பணியாளருக்கு எத்தனை வீடு, ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிடம், அதற்கு என்ன சம்பளம் என்ற மூன்றையும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதட்டும்.