இடத்தின் பெயர் மட்டும் போதாது

ஓர் ஊரை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது பற்றிய பயணக் கட்டுரை ஒன்று, காலை கண்காட்சி, மதியம் விருந்து, மாலை மலை நடை என்று வரிசை சொல்கிறது; அதை நான் ஏற்கவில்லை. மலை நடைதான் முதலில் வர வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுவது பெரும்பாடு. இறங்கும்போது இருட்டிவிட்டால் ஆபத்தும்கூட.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி, 600 மீட்டர் ஏற்றம் உள்ள 10 கிலோமீட்டர் பாதைக்கு 3 மணி நேரம். இதில் ஓய்வு சேராது. குழந்தைகளோடு போனால் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

வெயில் உச்சத்தில் இருக்கும் மதியத்தைக் கூரைக்குள் கழிக்கலாம். அருங்காட்சியகத்தில் எல்லா அறைகளையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். நான்கைந்து படைப்புகளின் முன் நிதானமாக நின்றாலே மனம் நிறையும். நிரந்தரச் சேகரிப்பு எங்கும் போய்விடாது, முடியப்போகும் தற்காலிகக் கண்காட்சிக்கே முன்னுரிமை.

சாப்பாடு அவரவர் நாக்கைப் பொறுத்தது.

அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதி இடம் பரிந்துரைக்கும் உள்ளூர் நண்பர்களே, பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, கழிப்பறை உண்டா, கடைசி பஸ் எப்போது, முதியவர்கள் ஏறக்கூடிய படிகளா என்பதையும் எழுதுங்கள். வெளியூர்க்காரருக்கு வேறு எங்கும் கிடைக்காத தகவல் அதுதான்.