பிட் வேறு, பைட் வேறு

இன்டர்நெட் வேகம் பற்றி ஒருவர், “100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பிளானுக்குக் காசு கட்டுகிறேன், டவுன்லோடு 12-ஐத் தாண்டவே இல்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான்” என்று எழுதியிருக்கிறார். இது தவறு. புதிதாக இணைப்பு வாங்குகிறவர்கள் இதை நம்பி வீண் சண்டைக்குப் போய்விடக் கூடாது.

இணைப்பின் வேகத்தை பிட் கணக்கில் சொல்வார்கள். ஃபைலின் அளவும், பிரவுசர் காட்டும் டவுன்லோடு வேகமும் பெரும்பாலும் பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள், 12.5 வரும், அதாவது நொடிக்கு 12.5 மெகாபைட் (எம்பி). ஆக, உங்களுக்கு வரும் 12 கிட்டத்தட்ட முழு வேகம்தான். ஆங்கிலத்தில் சின்ன ‘பி’ போட்டால் பிட், பெரிய ‘பி’ போட்டால் பைட். விளம்பரத்தில் அதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? அதனால் இந்த பிளானில் 700 எம்பி ஃபைல் 7 நொடியில் இறங்காது, ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும்.

அப்புறம், 12-க்குப் பதிலாக 2, 3 என்று மட்டும் வந்தால் புகார் செய்வது நியாயம்தான். அதற்கு முன் ரௌட்டரிலிருந்து லேன் கேபிளை நேராக கம்ப்யூட்டரில் செருகி ஒருமுறை சோதியுங்கள். இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபையை வைத்து இணைப்பின் வேகத்தை எடைபோட முடியாது.